சிவப்புப் பொட்டு வைத்த திருகு

ஆகஸ்ட் 20, செவ்வாய்

திட்டுவதற்கு வீட்டில் ஆள் இல்லை, அதனால் எழுதுகிறேன். உரக்கடையில் ஓசியில் கொடுத்த டைரி. ஜனவரியிலிருந்து வெள்ளையாகவே கிடக்கிறது.

காலையில் மங்களங்கொம்பிலிருந்து ஒருத்தர் மரம் அறுக்கிற மிஷினைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். பழைய சீனா மிஷின். ஸ்டார்ட் ஆகவில்லையாம். பிளக் மாற்றியாச்சு, கார்புரேட்டர் மாற்றியாச்சு, கயிறு இழுத்து இழுத்துத் தோள்பட்டையே கழன்றுவிட்டது என்று ஒரே புலம்பல். நான் சைலன்ஸரைக் கழற்றினேன். உள்ளே குளவி மண்கூடு கட்டியிருந்தது. மிஷின் புகையை எங்கே விடும், காது வழியாகவா?

"ரெண்டு மாசமா மூலையில போட்டு வச்சிருந்தேன்க்கா" என்றார்.

"குளவிக்கு வாடகைக்கு விட்டுட்டு என்கிட்ட வந்து ரிப்பேருங்கிறீங்க" என்றேன். சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

ஒரு பொம்பளையிடம் மிஷின் கொடுக்க இந்த மலையில் ஆம்பளைகளுக்குக் கூச்சம். ஆனால் வத்தலகுண்டுக்கு இறங்கிப் போய் வர ஒரு நாள் வேலை கெடும். கூச்சம் அவ்வளவு தூரம் தாங்காது, இங்கேதான் வருகிறார்கள். எங்க வீட்டுக்காரர் இருந்தபோது ரிப்பேர் அவர் வேலை. பெட்ரோலில் கழுவுவது, செயினுக்கு அரம் போடுவது, பில்டர் தட்டுவது எல்லாம் நான். பத்து வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து கழுவினால் கழுதைக்கும் மெக்கானிக் வேலை வந்துவிடும்.

அவர் போய்ச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிவிட்டது. புயல் அடித்த பிறகு கீழே கடலோரத் தென்னந்தோப்புகளில் விழுந்த மரம் அறுக்க அவரும் அவர் தம்பி தவசியும் போனார்கள். தவசி கையில் இருந்த மிஷின் அவர் தொடையில் பாய்ந்தது. ஆஸ்பத்திரி போகிற வழியிலேயே முடிந்துவிட்டது. அவருடைய சொந்த மிஷின்தான். அவர் கையால் ட்யூனிங் வைத்தது.

அது உரச்சாக்கில் கட்டியபடி வந்தது. மூன்றாவது பலகையில் இருக்கிறது. இன்னும் பிரிக்கவில்லை.

ஆகஸ்ட் 23, வெள்ளி

மழை. ஒருத்தரும் வரவில்லை. இருந்த செயினுக்கெல்லாம் அரம் போட்டேன்.

ஆகஸ்ட் 29, வியாழன்

சாக்கைப் பிரித்தேன்.

ரத்தம் இருக்கும் என்று பயந்துகொண்டே பிரித்தேன். இல்லை. செயின், செயின் ஓடுகிற பட்டை, கைப்பிடி எல்லாவற்றையும் யாரோ பெட்ரோல் விட்டுக் கழுவி, துணியால் துடைத்து, எண்ணெய் போட்டு வைத்திருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ. தவசிதான். வேறு யாருக்கு அக்கறை? கழுவிவிட்டால் போய்விடுமா?

முன்னால் இருக்கிற கைத்தடுப்பு இல்லை. அது எப்போதோ உடைந்தது. பட்டை துள்ளும்போது அதுதான் செயினை நிறுத்தும், புதிதாகப் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். "அது இருந்தா கையைக் கட்டிப் போட்ட மாதிரி இருக்கு" என்றார். அவருக்குச் சரி என்று பட்டால் சரிதான்.

பில்டரைக் கழுவினேன். பிளக்கைச் சுரண்டினேன். பெட்ரோல் ட்யூப் வெடித்திருந்தது, மாற்றினேன். கார்புரேட்டரின் பக்கத்தில் இருக்கிற திருகை மட்டும் தொடவில்லை. பெட்ரோல் எவ்வளவு போக வேண்டும் என்பது அந்தத் திருகில் இருக்கிறது. அதிகம் திறந்தால் மிஷின் புகைந்து இருமும், அடைத்தால் சீறும். நடுவில் ஒரு இடம் இருக்கிறது. அதைக் காதால்தான் பிடிக்க வேண்டும். அவர் பிடித்தால் பிடித்ததுதான். பிடித்த இடத்தில் என்னுடைய நகப்பாலிஷை எடுத்து ஒரு பொட்டு வைத்தார், திருகிலும் பக்கத்து இரும்பிலும் சேர்ந்தாற்போல். கொஞ்சம் நகர்ந்தாலும் தெரிந்துவிடும். "இதத் தொட்டா கை இருக்காது" என்பார். பேச்சு அப்படித்தான் இருக்கும், மனசு தங்கம். ஒரு தடவை கழுவும்போது தெரியாமல் நகர்த்திவிட்டேன். அதற்கப்புறம் நகர்த்தியதில்லை.

பொட்டு அப்படியே இருக்கிறது. ஒரு மயிரிழை விலகவில்லை.

ஸ்டார்ட் பண்ணினேன். இரண்டாவது இழுப்பிலேயே பிடித்துவிட்டது. ஆக்ஸிலேட்டரை அமுக்கினேன், செயின் பறந்தது. விட்டேன். பட்டென்று நின்றது. எஞ்சின் மட்டும் மெதுவாக டுக் டுக் என்று ஓடியது, செயின் அசையவில்லை.

அவரை எடுத்த அன்றைக்குத் துஷ்டி வீட்டில் அத்தனை பேர் முன்னாலும் தவசி ஒரே வார்த்தையைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னான். "நான் விட்டுட்டேன் மதினி. நான் விட்டுட்டேன். அது விடல."

பொய். இதோ நிற்கிறதே.

ஆகஸ்ட் 30, வெள்ளி

நின்றது.

செப்டம்பர் 2, திங்கள்

அவர் மிஷினை இன்றைக்கும் ஸ்டார்ட் பண்ணினேன். இடது பக்கம் சாய்த்து, வலது பக்கம் சாய்த்து, தலைகீழாகப் பிடித்து, நன்றாகச் சூடேற்றி, டேங்கில் பெட்ரோல் தீரப்போகும்போது, எல்லா விதத்திலும் பார்த்தேன். விட்டால் நிற்கிறது.

ஊருக்குப் பைத்தியக்காரி மாதிரித் தெரிந்திருக்கும். அறுக்க மரம் இல்லாமல் வாசலில் நின்று ரேஸ் பண்ணிக்கொண்டிருக்கிறாள் என்று. தெரியட்டும்.

செப்டம்பர் 8, ஞாயிறு

சோலைமலை அண்ணன் வந்தார். ஆடலூர்க்காரர். அவர் மகள் தமயந்தியைத் தவசிக்குப் பேசி வைத்திருந்தது புயலுக்கு முன்னால். நான் கொடுத்த காப்பியைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே இருந்தார்.

"தாயி, நீதான் முன்னால நின்னு வெத்தலை பாக்கு மாத்துன" என்றார்.

"மாத்துனேன். அப்ப எங்க வீட்டுக்காரர் உசிரோட இருந்தாரு."

"புள்ள வேற மாப்பிள்ளையப் பாக்க மாட்டேங்குது. சோத்துல கை வைக்க மாட்டேங்குது. ஊர்ல ஆளுக்கு ஒண்ணு பேசுறாங்க. ரெண்டு ஏக்கர் காப்பித் தோட்டம் பாகம் பிரிக்காமக் கெடந்துச்சு, அதுக்காகத்தான்னு சொல்றாங்க."

"ஊரு சொல்லல. நான் சொன்னேன்."

"தெரியும் தாயி. அதான் உன்கிட்டயே வந்தேன். போலீஸு விபத்துன்னு எழுதி முடிச்சிட்டாங்க. அவங்க உன் வீட்டுக்காரர் ஜெயக்கொடியக் கண்டாங்களா, தவசியக் கண்டாங்களா? உனக்குத்தான் ரெண்டு பேரையும் தெரியும். மிஷினும் தெரியும். நீ ஒரு வார்த்த சொல்லு. அவன் வேணும்னே செஞ்சானா? நீ இல்லைன்னு சொன்னா நான் பொண்ணக் குடுக்குறேன். ஆமான்னா இத்தோட விட்டுருவேன்."

வாய்க்கு வந்தது, ஆமாம் என்று. ஏன் சொல்லவில்லை என்று தெரியவில்லை. "புரட்டாசி முடியட்டும்ணே. எப்படியும் புரட்டாசியில கல்யாணப் பேச்சு எடுக்க மாட்டீங்க. சொல்றேன்" என்றேன்.

போகும்போதுதான் காப்பியைக் குடித்தார். ஆறிப்போயிருந்தது.

துஷ்டி வீட்டில் நான் தவசியின் சட்டையைப் பிடித்து, நிலத்துக்காகக் கொன்னுட்டியேடா என்று கத்தினேன். அதிலிருந்து அவனை ஒருத்தரும் வேலைக்குக் கூப்பிடுவதில்லை. மிளகு பறிக்கக்கூட வேறு ஆள்தான். சொன்னது சொன்னதுதான். யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

செப்டம்பர் 9, திங்கள்

நின்றது.

செப்டம்பர் 13, வெள்ளி

நின்றது. நிற்காமல் எங்கே போகும்.

செப்டம்பர் 21, சனி

எழுதுவதா வேண்டாமா என்று தெரியவில்லை. எழுதிவிடுகிறேன்.

மத்தியானம் மேகம் இறங்கி வாசல் தெரியவில்லை. அரிசி களைந்துகொண்டிருந்தேன். ஓடைப் பக்கம் மிஷின் சத்தம். யாரோ சில்வர் ஓக் கிளை கழிக்கிறார்கள் என்று நினைத்தேன். அப்புறம் காது பிடித்துக்கொண்டது. எல்லா மிஷினும் ஒரே மாதிரி கத்தும் என்று நினைப்பவர்களுக்குக் காது இல்லை என்று அர்த்தம். ஒவ்வொன்றுக்கும் ஒரு குரல். அவர் மிஷின் மெதுவாக ஓடும்போது ஒரு தடவை ஏறும், ஒரு தடவை இறங்கும், தூங்குகிறவர் மூச்சு மாதிரி. அதே ஏற்றம். அதே இறக்கம்.

அரிவாளை எடுத்துக்கொண்டு ஓடைவரை போனேன். யாரும் இல்லை. வெட்டின கிளை இல்லை. மரத்தூள் இல்லை. பெட்ரோல் வாசம் மட்டும் இருந்தது, அதுவும் என் சேலையில் இருந்து வந்திருக்கலாம்.

வீட்டுக்கு வந்து மூன்றாவது பலகையைப் பார்த்தேன். மிஷின் அங்கேதான் இருந்தது, டேங்க் காலியாக. தொட்டுப் பார்த்தேன். சில்லென்று இருந்தது. எனக்குப் பயமாக இருந்தது. அவரை நினைத்துப் பயம் என்று எழுத மாட்டேன். அவரை நினைத்து எனக்கு எதற்குப் பயம்?

அரிசி கல்லோடு வெந்துவிட்டது.

செப்டம்பர் 22, ஞாயிறு

இன்றைக்கு அவர் மிஷினைத் தொடவில்லை. மூன்று பேர் வந்தார்கள். ஒரு மிஷினில் ஆயில் கலக்காமல் வெறும் பெட்ரோல் ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள், பிஸ்டன் வெந்துபோயிருந்தது. காசை மிச்சம் பிடிக்கிறேன் என்று மிஷினையே கொன்றுவிட்டாயே என்று கேட்டேன். தலையைச் சொறிகிறான். இன்னொன்றுக்குக் கிளட்ச் ஸ்பிரிங் தளர்ந்திருந்தது. மூன்றாவதில் ஒன்றுமே இல்லை, செயினைத் திருப்பி மாட்டியிருந்தார்கள். பல் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தால் அது எதைக் கடிக்கும்?

கொஞ்ச நேரம் நன்றாகச் சிரித்தேன். அதனால் எழுதி வைக்கிறேன்.

அக்டோபர் 7, திங்கள்

ஆயுத பூஜை. எல்லா மிஷினையும் துடைத்து வரிசையாக வைத்து சந்தனம் குங்குமம் வைத்தேன். இன்றைக்கு எதையும் ஸ்டார்ட் பண்ணக் கூடாது, ஓய்வு. அவர் மிஷினுக்கு வைக்கும்போது கை நின்றுவிட்டது. ஆளைக் குடித்த இரும்புக்குப் பொட்டு வைப்பார்களா? வைக்காமல் விட்டால் அவருக்குக் கோபம் வருமா?

வைத்தேன். திருகு இருக்கும் பக்கம் படாமல் வைத்தேன்.

தவசி பாதையில் போனான். சட்டை தொளதொளவென்று கிடந்தது. அவ்வளவு இளைத்துவிட்டான். போன வருஷம் பொரிகடலையை அவன்தான் எல்லோருக்கும் கொடுத்தான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன், அவனும் திருப்பிக்கொண்டான்.

அக்டோபர் 20, ஞாயிறு

ஐப்பசி பிறந்ததும் சோலைமலை அண்ணன் வந்துவிட்டார். நாள் எண்ணிக்கொண்டே இருந்திருப்பார் போல.

நான் வாயால் எதுவும் சொல்லவில்லை. மிஷினை வாசலுக்கு எடுத்து வந்தேன். பொட்டைக் காட்டினேன். "இது அவர் வச்ச ட்யூனிங்கு. அவர் போன நாள்ல இருந்து யாரும் தொடல. பாத்துக்கோங்க" என்றேன். ஸ்டார்ட் பண்ணி, முழுக்க அமுக்கி, விட்டேன்.

நின்றது.

"இன்னொரு வாட்டி" என்றார்.

நின்றது.

அவர் செயினையே பார்த்துக்கொண்டு நின்றார். "அப்ப அவன் விட்டுட்டேன்னு சொன்னது..."

"நீங்களே கண்ணால பாத்தீங்கள்ல."

"பாத்தேன்" என்றார். துண்டை உதறித் தோளில் போட்டார். "எம் புள்ளைக்கிட்ட எப்படித் தாயி சொல்லுவேன்?" என்று கேட்டார். என்னிடம் கேட்டால் நான் என்ன சொல்வது? இறங்கிப் போய்விட்டார்.

திரும்பினால் பாதை வளைவில் தவசி. எப்போதிலிருந்து நிற்கிறான் என்று தெரியாது. என்னைப் பார்க்கவில்லை. மிஷினைப் பார்க்கவில்லை. தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான், அதில் ஏதோ ஒட்டியிருக்கிற மாதிரி.

எனக்கு ஜெயித்த மாதிரி இருக்க வேண்டும். மிஷினைத் துடைக்காமலே மூன்றாவது பலகையில் வைத்துவிட்டேன்.

அக்டோபர் 26, சனி

தமயந்திக்கு வேறு இடம் பார்க்கிறார்களாம். தீபாவளிப் பலகாரம் எதுவும் செய்யவில்லை. துஷ்டி வருஷம்.

அக்டோபர் 31, வியாழன்

மறுபடியும் சத்தம். இந்தத் தடவை ஓடைப் பக்கம் இல்லை, வீட்டுக்குள். அடுப்படியில் நிற்கும்போது முதுகுக்குப் பின்னால். ஏறுகிறது, இறங்குகிறது. திரும்பிப் பார்த்தால் ஒன்றும் இல்லை. "என்னங்க வேணும்? அதான் எல்லாம் நீங்க சொன்னபடிதானே இருக்கு?" என்று சத்தமாகவே கேட்டேன். உயிரோடு இருந்தபோதும் கேள்விக்குப் பதில் சொல்கிற ஆள் இல்லை.

இதை விற்றுவிடப் போகிறேன். இது வீட்டில் இருக்கும்வரை எனக்கு நிம்மதி இல்லை.

நவம்பர் 4, திங்கள்

எழுத்து கோணலாகப் போகிறது.

காலை பஸ்ஸில் வத்தலகுண்டு போனேன். மிஷினைச் சாக்கில் கட்டி, டேங்கைக் காலி பண்ணி எடுத்துப் போனேன். பெட்ரோல் இருந்தால் கண்டக்டர் ஏற்ற மாட்டார். மலை இறங்க இறங்கக் காது அடைத்தது. வளைவுக்கு வளைவு வெயில் கூடிக்கொண்டே போனது. சிக்கந்தர் பாய் கடை மார்க்கெட்டுக்குப் பின்னால். பழைய மிஷின் வாங்கி விற்கிறவர்.

"ஓடுதாக்கா?" என்றார்.

"ஓடும். எங்க வீட்டுக்காரர் ட்யூனிங்கு வச்சது. கை வச்சுக் கெடுத்துராதீங்க."

சிரித்தார். பெட்ரோல் ஊற்றினார். தரையில் வைத்து, காலால் மிதித்து, கயிற்றை இழுத்தார். உடனே பிடித்தது. பிடித்த சத்தமே வேறாக இருந்தது. எங்கள் வாசலில் டுக் டுக் என்று மூச்சு விடுகிற மிஷின் இங்கே பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது. நன்றாக அமுக்கிச் சூடேற்றினார். அப்புறம் விட்டார்.

நிற்கவில்லை.

பாய் இரண்டு கையையும் எடுத்துவிட்டார். ஆக்ஸிலேட்டரில் விரல் இல்லை. நான் என் கண்ணால் பார்த்தேன், விரல் இல்லை. செயின் பறந்துகொண்டே இருந்தது. கிறீச்சிட்டது. தரையில் கிடந்தபடியே துள்ளிக்கொண்டு முன்னால் நகர்ந்தது. பாய் குனிந்து ஸ்விட்சைத் தட்டினார்.

"மேல ட்யூனிங்கு வச்சதாக்கா?" என்று சாதாரணமாகக் கேட்டார். "அதான். மேல காத்து லேசு. அதுக்குத் தக்கன பெட்ரோலக் கொறச்சு வச்சிருக்காரு. கீழ எறக்குனா காத்து கனமா வரும், பெட்ரோல் பத்தாது. சூடேறி வெறி புடிச்ச மாதிரி ஓடும். கிளட்சும் பழசு, விட மாட்டேங்குது. மலைக்காரங்க பொதுவா கீழ கொண்டாந்தா ஒரு தடவ திருகச் சரி பண்ணிக்குவாங்க. மெனக்கெட்ட வேல இல்ல, ஒரு நிமிசம்."

ஒரு நிமிஷம்.

திருப்புளியை எடுத்துக் குனிந்தார். பொட்டுக்கு மேல் வைத்தார். நான் கத்தினேன். "தொடாதீங்க பாய்! கையை எடுங்க!" மார்க்கெட்டில் பாதி பேர் திரும்பிப் பார்த்தார்கள். பாய் பயந்து எழுந்துவிட்டார்.

மிஷினை விற்கவில்லை. கடையிலேயே, யாரும் தொடக் கூடாது என்று சொல்லி, சாக்கில் கட்டி வைத்துவிட்டு வந்தேன். அவர் ஒருநாளும் மலை இறங்கி வேலை பார்த்தது இல்லை. அந்தப் புயலுக்குப் போனதுதான் முதல் தடவை. வத்தலகுண்டிலேயே இப்படி என்றால் கடலோரத் தோப்பில் எப்படி ஓடியிருக்கும்?

அவருக்குத் தெரியாதா? தெரியாது. தெரியாது என்று யாரிடமும் கேட்கவும் மாட்டார்.

நவம்பர் 5, செவ்வாய்

ஒரு வேலையும் ஓடவில்லை. படுத்தே கிடந்தேன். சத்தம் எதுவும் கேட்கவில்லை. அதுதான் இன்னும் மோசமாக இருந்தது.

சட்டையைப் பிடித்தேனே. அத்தனை பேர் முன்னால் பிடித்தேனே.

நவம்பர் 6, புதன்

சோலைமலை அண்ணனுக்குப் போன் போட்டேன். நாளைக்கு வத்தலகுண்டுக்கு வரச் சொன்னேன். எதற்கு என்றார். வந்து பாருங்கள், பார்த்த பிறகு என்னைச் செருப்பால் அடித்தாலும் வாங்கிக்கொள்கிறேன் என்றேன். வருகிறேன் என்றார்.

நவம்பர் 7, வியாழன்

விடிந்ததும் தவசி வீட்டுக்குப் போனேன். ஒரு வருஷமாக மிதிக்காத வாசல். கதவு திறந்துதான் இருந்தது. அடுப்பு எரியவில்லை. என்னைப் பார்த்ததும் எழுந்து சுவரோடு ஒட்டி நின்றான்.

"கெளம்பு. வத்தலகுண்டு வரைக்கும் போகணும்" என்றேன்.

"போலீஸா மதினி?"

பதில் சொல்வதற்குள் உள்ளே போய்விட்டான். சட்டை மாற்றிக்கொண்டு வந்தான். கையில் ஒரு மஞ்சப் பை, அதில் ஒரு வேட்டி, துண்டு, சோப்பு. எதற்கு என்று கேட்கவில்லை, எவ்வளவு நாள் என்று கேட்கவில்லை. என்றைக்கோ எடுத்து வைத்த பை அது. "போலீஸ் இல்லடா தம்பி, பேசாம வா" என்றேன். பையை வைக்காமல் அப்படியே எடுத்துக்கொண்டு வந்தான்.

பஸ்ஸில் அவன் முன் சீட்டில், நான் பின்னால்.

பாய் கடைப் பின்வாசலில் சோலைமலை அண்ணன் ஏற்கனவே நின்றுகொண்டிருந்தார். தவசியைப் பார்த்ததும் முகம் சுண்டிவிட்டது. நான் சாக்கைப் பிரித்தேன். அதைப் பார்த்ததும் தவசி இரண்டு எட்டுப் பின்னால் போனான்.

"அண்ணே, அன்னைக்கு வாசல்ல காட்டுன அதே மிஷினு. பொட்டப் பாத்துக்கோங்க, நகரல" என்றேன். பெட்ரோல் ஊற்றினேன். காலால் மிதித்து இழுத்தேன். கொஞ்ச நேரம் அமுக்கிச் சூடேற்றினேன். அப்புறம் விட்டுவிட்டு எழுந்து நின்று, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினேன்.

செயின் ஓடிக்கொண்டே இருந்தது.

தவசி மெல்ல முன்னால் வந்தான். செயினைப் பார்த்தான், என் கையைப் பார்த்தான், மறுபடி செயினைப் பார்த்தான்.

"மதினி, நான் விட்டுத்தானே இருந்தேன்?" என்றான்.

நான் சத்தத்துக்கு மேல் கத்தினேன். "விட்டுத்தான்டா இருந்தே!"

அப்படியே உட்கார்ந்துவிட்டான், மண்ணில். "அன்னைக்குக் காலையிலயே அண்ணன்கிட்டச் சொன்னேன் மதினி, விட்டாலும் நிக்க மாட்டேங்குதுண்ணேன்னு. 'நான் வச்ச ட்யூனிங்கையா கொற சொல்ற, மலையில நிக்கிற மிஷினு இங்க நிக்காதா, கோளாறு உன் கையிலதாண்டா'ன்னாரு. அதுக்கப்புறம் நான் சொல்லல. நீங்க வாசல்ல வச்சு ஓட்டும்போதெல்லாம் நானும் மேல நின்னு பாத்தேன். நின்னுச்சு. தெனமும் நின்னுச்சு. அப்ப என் கையிலதான் கோளாறுபோல, நாந்தான் விடாம இருந்திருக்கேன்போலன்னு..." வாயில் துண்டை அடைத்துக்கொண்டு அழுதான்.

நான் தினமும் வாசலில் நின்று ஓட்டியது யாரைக் கொல்வதற்கு என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

சோலைமலை அண்ணன் என் பக்கம் திரும்பினார். "அப்ப யாரு தாயி தப்பு?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. மகளிடம் போய் ஏதாவது சொல்ல வேண்டும் அல்லவா, அதற்காகக் கேட்டார்.

அவர் என்றும் எங்க வீட்டுக்காரர் என்றும்தான் பத்து வருஷமாகச் சொல்லியிருக்கிறேன். எங்கள் பக்கம் பெண்டாட்டி புருஷன் பேரைச் சொல்ல மாட்டாள். ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்கிறவளை விட்டுத்தான் சொல்லச் சொல்வேன். இதைப் பக்கத்தில் நிற்கிறவளை விட்டுச் சொல்ல முடியாது.

"ஜெயக்கொடி" என்றேன். "ஜெயக்கொடி வச்ச ட்யூனிங்கு. தம்பி சொல்லியும் கேக்காதது ஜெயக்கொடி. அதத் தெரிஞ்சுக்காம இவன் மேல பழி போட்டது நான்."

"மதினி, வேணாம்" என்றான் தவசி. "அண்ணன் பேர இப்படிச் சொல்லாதீங்க."

மிஷின் இன்னும் கத்திக்கொண்டுதான் இருந்தது, மண்ணைக் கிளப்பிக்கொண்டு. நான் நகரவில்லை, என்னால் முடியவில்லை. ஒரு வருஷமாக எந்த மிஷின் பக்கமும் போகாதவன் எழுந்து வந்தான். முகத்தைத் துடைத்துக்கொண்டு குனிந்தான். கை நடுங்காமல் ஸ்விட்சை அணைத்தான்.